எச்சில் பார்க்காத பந்தி

ஸ்ரீபெரும்புதூர்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

கூடங்குளத்துக்கு ரஷ்யர்கள் வந்து இறங்கியபோது, அந்த வெள்ளைக்காரர்கள் என்னதான் சாப்பிடுவார்கள் என்று ராதாபுரம் பக்கமெல்லாம் பேச்சாகக் கிடந்தது ஞாபகம் இருக்கும். ஸ்ரீபெரும்புதூர்க்காரர்களுக்கு அந்த வேடிக்கை கொரியர்கள். 1996-இல் ஹூண்டாய் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டையில் கால் ஊன்றியது. 1998-இல் முதல் சான்ட்ரோ கார் வெளியே வந்தது. பின்னாலேயே உதிரிபாகக் கம்பெனிகள், 2007-இல் சாம்சங் என்று ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஆள் வந்தால் அடுப்பும் வரத்தானே செய்யும்? கொரிய எழுத்தில் பலகை மாட்டிய சாப்பாட்டுக் கடைகள் இங்கே இப்போது சாதாரணம்.

ராதாபுரத்துப் பையன் ஒருவன், இங்கே கம்பெனியில் வேலை பார்ப்பவன், கொரிய மேலதிகாரியோடு முதல் தடவையாக அப்படி ஒரு கடைக்குள் போனான். சோறு வருவதற்கு முன்னாலேயே மேஜை நிறையச் சின்னக் கிண்ணங்கள் வந்துவிட்டன: முளைகட்டிய பயறு, கீரை, முள்ளங்கி, பொரித்த நெத்திலி, கிம்ச்சி. இவற்றுக்குப் பொதுப்பெயர் பன்ச்சான், நம் தொடுகறிதான். சோறோ மூடி போட்ட எவர்சில்வர் கிண்ணத்தில் வந்தது. கிண்ணம் சின்னதாக இருக்கிறதே என்று அவன் யோசித்தான். அதற்கும் கதை உண்டு. கொரியாவில் அரிசிக்குத் தட்டுப்பாடு இருந்த 1970களில், ஓட்டல் சோற்றுக் கிண்ணம் இன்ன அளவுதான் இருக்க வேண்டும் என்று அரசாங்கமே வரையறுத்துவிட்டது. தட்டுப்பாடு போய்விட்டது, சின்னக் கிண்ணம் நிலைத்துவிட்டது.

கிம்ச்சியின் வாடை நம்மவர்களை விரட்டும் என்று சென்னைக்காரர்கள் சொல்வதுண்டு. உவரியிலும் கூட்டப்புளியிலும் கருவாடு காயும் காற்றில் வளர்ந்தவனிடம் அது செல்லுமா? நீள முட்டைக்கோஸை உப்பில் ஊறப்போட்டு அலசி, மிளகாய்ப்பொடி, பூண்டு, இஞ்சி, உப்பிட்டுப் புளித்த பொடி இறால் எல்லாம் சேர்த்து அரைத்த விழுதை இலைக்கு இலை தடவி, பானையில் அடைத்துப் புளிக்கவிடுகிறார்கள். சென்னாக்குன்னிக் கருவாடு தெரிந்த நாக்குக்கு அந்த ருசி பிடிபடாமல் போகாது. பனிக்காலத்துக்கு முன்னால் வீட்டுப் பெண்களும் அக்கம்பக்கத்தாரும் கூடி உட்கார்ந்து ஒரு பருவத்துக்கான கிம்ச்சியைப் போடும் வழக்கத்துக்குக் ‘கிம்ஜாங்’ என்று பெயர். 2013-இல் யுனெஸ்கோ அதைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நாம் வடகம் போடுகிற நாளைப் பட்டியலில் சேர்க்க யாருக்குமே தோன்றவில்லை, போகட்டும்.

பையன் தடுமாறியது வேறு இடத்தில். நடுவில் கொதித்தபடி ஒரு மண்சட்டி வந்தது, ‘தென்ஜாங் ஜிகே’ என்கிற சோயா விழுதுக் குழம்பு. மேலதிகாரி தன் கரண்டியை நேரே அதில் விட்டு அள்ளி வாயில் வைத்தார். மறுபடியும் அதே கரண்டி, அதே சட்டி. பக்கத்தில் இருந்தவரும் அப்படியே. எச்சில்! வாயில் படாமல் அண்ணாந்து தண்ணீர் குடித்தே வளர்ந்தவனுக்குக் கை நீளவில்லை. ஒரே சட்டியில் எல்லோரும் கரண்டி விடுவது அங்கே நெருக்கத்தின் அடையாளம். கொரோனாவுக்குப் பிறகு பொது அகப்பையும் தனிக் கிண்ணமும் கொரியாவிலேயே கூடிவருகின்றன என்பதால், இவன் ஒரு கிண்ணம் கேட்டபோது யாரும் முகம் சுளிக்கவில்லை.

மற்ற மரியாதைகளை அவனுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பெரியவர் கரண்டியை எடுத்த பிறகே இளையவர் எடுக்க வேண்டும். பெரியவருக்கு எதையும் இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும். அவர் முன்னால் மது குடிப்பதானால் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். சோற்றுக்குள் கரண்டியையோ குச்சியையோ செங்குத்தாகக் குத்தி வைக்கவே கூடாது, அது இறந்தவர்களுக்குப் படைக்கும் முறை. பரிமாறும் பெண்மணியை ‘இமோ’ என்று கூப்பிடுகிறார்கள். அம்மாவின் உடன்பிறந்தவள் என்று பொருள். அதாவது, நம் சித்தி! அப்பாவை அப்பா என்றே அழைக்கிற ஜனம்தானே.

கையால் சாப்பிடுவதைத்தான் அவன் விட வேண்டியிருந்தது. சோறும் குழம்பும் கரண்டியால், தொடுகறி குச்சியால். சீனர்களுடையது போல மரக்குச்சி இல்லை. தட்டையான உலோகக் குச்சி, நெத்திலியைப் பிடித்தால் வழுக்கிக்கொண்டு போகும். கிண்ணத்தைக் கையில் தூக்கிச் சாப்பிடுவதும் ஆகாது, அது ஜப்பான் பழக்கம். இறைச்சியை நறுக்க இமோ கொண்டுவந்தது கத்தி இல்லை, துணி வெட்டுகிற மாதிரி ஒரு கத்தரிக்கோல்! அடுப்பில் வெந்துகொண்டிருந்த பன்றி இறைச்சியை அதனாலேயே துண்டு துண்டாகக் கத்தரித்தார். துண்டை இலைக்கோசில் வைத்து, பூண்டும் விழுதும் சேர்த்து வெற்றிலை மாதிரி மடித்து ஒரே வாயில் போட வேண்டும். இந்த ஒன்றுக்கு மட்டும் கை தேவை. அங்கே அவன் ஜெயித்தான்.

‘பிபிம்பாப்’பை நெல்லைக் கூட்டாஞ்சோற்றுக்கு அண்ணன் என்று ஊரில் போய்ச் சொல்லப்போகிறானாம். கொஞ்சம் மிகைதான். கூட்டாஞ்சோற்றில் காயும் பருப்பும் அரிசியோடு கூடி வேகும். பிபிம்பாப்பில் ஒவ்வொரு காயும் தனித்தனியாக வதங்கிச் சோற்றின் மேல் உட்கார்ந்திருக்கும்; மிளகாய் விழுதும் வறுத்த எள்ளின் எண்ணெயும் விட்டுக் கலந்துகொள்வது சாப்பிடுகிறவர் வேலை. கடைசியில் வந்த ‘சுங்ஞுங்’ பற்றி மட்டும் மறுபேச்சு கிடையாது. பானை அடியில் பிடித்த காந்தலில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்துக் கொடுத்தார்கள். அப்படியே ஆச்சி வீட்டு வாசனை.

இந்தப் பக்கம் வரும் ஊர்க்காரர்களிடம் இரண்டு செய்தி சொல்லிவிடுங்கள் அண்ணாச்சி. சைவம் சாப்பிடுகிறவர்கள் கிம்ச்சியை வெறும் கோஸ் என்று நம்பிக் கைவைக்க வேண்டாம், கேட்டுவிட்டுச் சாப்பிடட்டும். தொடுகறி தீர்ந்தால் கூச்சப்படாமல் மறுபடி கேட்கலாம்; கொரிய வழக்கப்படி அதற்குத் தனிக் காசு கிடையாது.