கேள்விக்குறிக்குப் பின்னால் தொலைந்த சுங்குடி

தி.நகரில் ஒரு சின்னத் துணிக்கடை (பெயர் வேண்டாமே!). ஜூம்லாவில் செய்த இணையதளம் வைத்திருக்கிறார்கள். புடவைப் பெயர்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் உண்டு. தேடல் பெட்டியில் ஆங்கில எழுத்தில் சுங்குடி என்று அடித்தால் சுங்குடி வருகிறது. தமிழில் அடித்தால் கடையில் இருக்கிற அத்தனை புடவையும் வருகிறது! என் சித்தி தமிழில் மட்டும்தான் அடிப்பார். "கடைக்காரருக்குத் தமிழே தெரியாதாடா?" என்றார். நியாயமான கேள்விதான்.

விஷயம் இதுதான். பெட்டியில் நாம் அடிப்பது, முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போகும். பிஎச்பி அதைப் பிரித்து எடுத்துத் தரும். முன்பு ரெஜிஸ்டர் குளோபல்ஸ் என்று ஒரு வசதி இருந்தது. முகவரியில் வருகிற பெயர்களையெல்லாம் நேராக மாறிகளாக்கிவிடும். கடைசியில் 'அட்மின்=1' என்று சேர்த்துவிட்டால், அசட்டையாக எழுதிய நிரல் நம்மையே நிர்வாகி என்று நம்பிவிடும் :-) பிஎச்பி 4.2-ல் (2002) அதை அணைத்து வைத்தார்கள். 5.4-ல் (2012) அடியோடு தூக்கிவிட்டார்கள்.

வெளியிலிருந்து வருவதை அப்படியே நம்பக் கூடாது என்பதால்தான் ஜூம்லாவில் வடிகட்டிகள் இருக்கின்றன. 'இன்ட்' என்று கேட்டால் முதலில் கிடைக்கும் முழு எண்ணை மட்டும் தரும். 'சென்னை 600017' என்று அனுப்பினால் 600017 கிடைக்கும். 'வேர்ட்' என்றால் ஆங்கில எழுத்துகளும் அடிக்கோடும் மட்டும். 'சிஎம்டி' என்றால் அவற்றோடு எண், புள்ளி, சிறுகோடு.

வகை எதுவும் சொல்லாமல் கேட்டால்? சிஎம்டிதான்! எந்தப் பக்கத்தைத் திறப்பது போன்ற கட்டளைகளுக்கு அது சரி. தேடும் சொல்லுக்குச் சரிவராது. தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் உதிர்ந்துபோய் வெற்றுச் சொல்தான் மிஞ்சும். பிழைச்செய்தியும் வராது. எதையுமே தேடவில்லை என்று நினைத்துக்கொண்டு நிரல் எல்லாவற்றையும் காட்டிவிடுகிறது.

இதற்கு மருந்து எளிது. 'ஸ்ட்ரிங்' என்று வகை சொல்லி வாங்க வேண்டும். தரவுத்தளத்துக்கு அனுப்பும்போது அதற்குரிய மேற்கோள் பாதுகாப்பு, திரையில் காட்டும்போது எச்டிஎம்எல் பாதுகாப்பு. இரண்டையும் விடக் கூடாது.

இன்னொரு பள்ளமும் இருக்கிறது. சுங்குடி நமக்கு நான்கு எழுத்து. யூனிகோடில் எட்டுக் குறிகள். யுடிஎஃப்-8-ல் ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 24. முகவரியில் சதவீதக் குறியோடு போகும்போது 72 எழுத்துகள்! இருபது பைட்டோடு வெட்டு என்று எழுதினால், ஏழாவது குறியின் நடுவிலேயே கத்தி விழும். அதனால் பைட்டை எண்ணாமல் 'எம்பி' என்று தொடங்கும் செயல்கூறுகளைப் பயன்படுத்துங்கள்.

தமிழ் வேண்டாம் என்று யாரும் முடிவு செய்யவில்லை. தமிழில் ஒருவர் அடிப்பார் என்று யாரும் நினைக்கவில்லை, அவ்வளவுதான். அடிப்பவருக்கு இரண்டும் ஒன்றுதானே? ப்ராஜெக்ட் செய்யும் மக்களே, ஆங்கிலத்தில் 'டெஸ்ட்' அடித்து, வேலை செய்கிறது என்று மூடிவைத்துவிடாதீர்கள். உங்கள் பெயரைத் தமிழில் ஒருமுறை அடித்துப் பாருங்கள்.