தைப்பூச வாரம்: மல்லாரி கேட்டுச்சா?

வேல் வேல் வெற்றிவேல்!

ஒரு வாரமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியல. நேத்துதான் பந்தலைப் பிரிச்சு, தகரத்தை லாரியில ஏத்தி அனுப்பினோம். விசாரிச்ச எல்லாருக்கும் நன்றி. மனசுல இருக்கிறதை வந்த வரிசையில எழுதிடறோம்.

நம்ம குழுவுல பாதிப் பேருக்கு பாயான் லெப்பாஸ்ல ஷிப்ட் வேலை. நைட் முடிச்சு, தூங்காம நேரா வந்து வெங்காயம் உரிக்க உட்காருவாங்க. அதுல ரெண்டு பேருக்கு சிப் செய்யற கிளீன்ரூம்ல வேலை. அங்க ஒரு தூசி ஆகாது. பவுடர், திருநீறு எதுவும் முகத்துல இருக்கக் கூடாது. விரதம் இருந்த நாள் பூரா வாசல்ல நெற்றியைத் துடைச்சிட்டு உள்ள போனாங்க. வெளியே வந்ததும் பையில இருக்கிற பொட்டலத்தைப் பிரிச்சுப் பூசிக்கிட்டாங்க. நெற்றியைப் பார்த்து பக்தியை அளக்கிறவங்க இவங்களை எப்படி அளப்பாங்களோ!

சோறு, மோர், பானகம் எல்லாம் குறைவில்லாம போச்சு. ரத வீதியில சீன அன்பர்கள் மலைமலையா குவிச்சு உடைச்ச தேங்காயைப் பற்றி புதுசா சொல்ல ஒண்ணுமில்ல, நம்ம பினாங்குக்கே உரிய காட்சி அது. ஓடு குத்தின கால்களுக்கு மருந்து போட்ட தங்கைகளுக்கு மட்டும் தனியா ஒரு கும்பிடு.

இப்போ இசைக்கு வரோம். இதைத்தான் எழுதணும்னு உட்கார்ந்தோம்.

பினாங்கு ஸ்திரீட் கோவில் வீட்டுல இருந்து வெள்ளி ரதமும், குயின் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோவில்ல இருந்து தங்க ரதமும் விடியக்காலையில கிளம்பி, தண்ணீர்மலைப் பக்கம் வந்து சேர ராத்திரி ஆயிடும். வெள்ளி ரதம் 1894இல் தமிழ்நாட்டுல செஞ்சு கப்பல்ல வந்தது. தங்க ரதம் 2017இல் இருந்து ஓடுது. சாமி புறப்படும்போது நாதஸ்வரத்துல வாசிக்கிறது மல்லாரி. கம்பீர நாட்டை ராகம், பாட்டு வரிகள் கிடையாது, வெறும் தாளக் கணக்கு. தளிகைக்கு ஒரு மல்லாரி, தேருக்கு ஒரு மல்லாரின்னு தனித்தனியா உண்டு. நாலு தெரு தள்ளி இருக்கிறவனுக்கும் ‘சாமி வெளியே வந்துட்டார்’னு சொல்றதுதான் அதோட வேலை. நம்ம ரோட்டுல பந்தலுக்குப் பந்தல் ஆளுயர ஸ்பீக்கர். நாலு தெரு இருக்கட்டும், நாலு அடியில நிக்கிறவனுக்கே கேட்காது.

அதனால இந்த வருஷம் ரதத்தோட விளக்கு தெரிஞ்சதும் எங்க ஸ்பீக்கரை நிறுத்திடறதுன்னு முடிவு பண்ணோம். சவுண்ட் பார்க்கிற தம்பிக்கு மனசே இல்ல. “அண்ணே, ஆஃப் பண்ணா கூட்டம் அடுத்த பந்தலுக்குப் போயிடும் லா!” போகத்தான் செஞ்சது. பத்து நிமிஷம் பந்தல்ல பாதி காலி. அடுத்த பந்தல்ல சினிமா மெட்டு ஓடிக்கிட்டே இருந்துச்சு. அதையும் மீறி தவில் சத்தம் மெல்ல வந்தது, பின்னாலேயே நாதஸ்வரம். சக்கர நாற்காலியில இருந்த ஒரு பாட்டி, ரதம் கண்ணுல படறதுக்கு முன்னாடியே கையைக் கூப்பி, “வந்துட்டான்யா”ன்னாங்க. தம்பி எங்களைப் பார்த்தான், ஒண்ணும் பேசல.

உருமி மேளத்தையும் இதோட சேர்த்துத் திட்டறவங்க இருக்காங்க. எங்களுக்கு அதுல சம்மதமில்ல. காவடி எடுக்கிறவரோட கால் அந்த அடியைப் பிடிச்சுத்தான் மலை ஏறுது. நம்ம பசங்க, மழை ஈரத்துல தொய்ஞ்ச தோலைச் சூடு காட்டி இறுக்கி, வளைஞ்ச குச்சியால தேய்ச்சு அந்த உறுமலைக் கொண்டு வர்றதுக்குள்ள விரல் தேஞ்சு போகுது. எங்க சண்டை ஸ்பீக்கரோட மட்டும்தான்.

இன்னொரு கவலையும் இருக்கு. நாதஸ்வரம், தவில் வாசிக்கிறவங்க பல பேர் தமிழ்நாட்டுல இருந்தும் இலங்கையில இருந்தும் பெர்மிட்ல வர்றவங்க. பெர்மிட் முடிஞ்சா போயிடுவாங்க. உருமி பழக வர்ற பசங்கள்ல ரெண்டு பேராவது தவில் கையில எடுத்தா நல்லாயிருக்கும். சொல்லித் தர ஒருத்தர் சரின்னு சொல்லியிருக்கார். உங்க பிள்ளைக்கு ஆசை இருந்தா இன்பாக்ஸ்ல சொல்லுங்க.

ஞாயிறு காலை 8 மணிக்கு அண்டா, குண்டா எல்லாம் கழுவறோம். பக்கத்துப் பந்தல் அண்ணன்களையும் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டிருக்கோம், ஸ்பீக்கர் விஷயம் பேசணும். கை கொடுக்க வர்றவங்க பழைய சட்டை போட்டுக்கிட்டு வாங்க, கரி ஒட்டும்.