டேப்பும் ஒரு சொல்லும்

2011 அக்டோபர் 3, திங்கட்கிழமை. சென்னீர்குப்பத்தில், பூந்தமல்லி–ஆவடி சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருந்த ஒரு பிரஸ் ஷாப்பில், இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன் இடது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் இழந்தான். அந்த ஷிப்டின் சூப்பர்வைசர் நான். அந்த விரல்கள் போனதற்குக் காரணமும் நான்தான். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல எனக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. அதுவரை அந்த இடத்தில் வேறொரு சொல்லை வைத்திருந்தேன். அதன் பெயர் கர்மா.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அது ஐம்பது டன் பிரஸ். தகட்டை டை என்னும் அச்சில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் இரண்டு பட்டன்களை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் ராம் என்னும் அழுத்தும் பாகம் கீழே இறங்கும். இரண்டு பட்டன் வைத்ததற்கு ஒரே காரணம்தான். ராம் இறங்கும் நேரத்தில் ஆபரேட்டரின் இரண்டு கையும் வெளியே, பட்டன் மேல் இருக்க வேண்டும். இது வேலையைக் கொஞ்சம் மெதுவாக்கும். மெதுவாக்குவதுதான் அதன் பாதுகாப்பு.

அந்த வருடம் ஆயுத பூஜை புதன்கிழமை வந்தது. அதற்குள் லோடு போய்ச் சேர வேண்டும் என்று நெருக்கடி. திங்கள் மதியம் இடது பட்டனை அழுத்திப் பிடித்து, அது மேலெழாதபடி கறுப்பு இன்சுலேஷன் டேப்பை நாலு சுற்றுச் சுற்றினேன். இனி வலது கை பட்டனுக்கு, இடது கை தகடு வைக்க. பீஸ் வேகமாக விழத் தொடங்கியது. இந்த வித்தையை நான் கண்டுபிடிக்கவில்லை. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் அன்று, அந்த மெஷினில் சுற்றியது என் கை.

"சார், இப்படி ஓட்டலாமா?" என்று பையன் கேட்டான்.

"ரெண்டு நாள்தான் தம்பி, பாத்து ஓட்டு" என்றேன்.

ஆறரை மணி வாக்கில் ஒரு தகடு கோணலாக உட்கார்ந்தது. இடது கையால் அதை நேராக்கினான். மதியத்திலிருந்து ஆயிரம் தடவை தட்டிப் பழகிய வலது கை, தானாகப் பட்டனைத் தட்டிவிட்டது.

அறுபட்ட விரலைச் சுத்தமான துணியில் சுற்றிக் கவரில் போட்டு, அந்தக் கவரை ஐஸ் மேல் வைத்துக் கொண்டுபோக வேண்டும் என்று எங்களில் ஒருவருக்குத் தெரிந்திருந்தது. அப்படியே கொண்டுபோனார்கள். பலன் இல்லை. கத்தியில் வெட்டுப்பட்ட விரலை ஒட்டுவதற்காவது வாய்ப்புண்டு. பிரஸ்ஸில் நசுங்கியதை ஒட்டுவது மிகக் கடினம்.

வண்டி கேட்டைத் தாண்டியதும் நான் செய்த முதல் காரியம், அந்த டேப்பை அறுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டது. யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. விரல் போனதுகூடப் பேராசையும் அவசரமும் சேர்ந்து செய்தது என்று ஒருவன் வாதிடலாம். டேப்பை அறுத்ததில் அவசரம் எதுவும் இல்லை. அதை நிதானமாகச் செய்தேன்.

அறிக்கை எழுதியதும் நான்தான். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு வேலைக்கு வர முடியாத காயம் என்றால் தொழிற்சாலை ஆய்வாளருக்குத் தெரிவித்தாக வேண்டியிருந்தது. 'விபத்துக்கான காரணம்' என்ற இடத்தில் 'ஆபரேட்டரின் கவனக்குறைவு' என்று எழுதினேன். அப்போது நடைமுறையில் இருந்த 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 21-ஆவது பிரிவில், இயந்திரம் ஓடும் வரைக்கும் அதன் தடுப்பு அதற்குரிய இடத்தில் இருந்தே ஆக வேண்டும் என்றது. பொறுப்பு யாருடையது என்பதில் அந்தச் சட்டத்துக்குக் குழப்பம் இருக்கவில்லை. குழப்பத்தை உண்டாக்கியது என் பேனா.

மறுநாள் வார்டுக்குப் போனேன். வராண்டாவில் பையனின் அம்மா தரையில் உட்கார்ந்திருந்தார். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து, சென்னீர்குப்பத்தில் ஒற்றை அறை வாடகைக்கு எடுத்து, மகன் சம்பளத்தில் நிமிரத் தொடங்கியிருந்த குடும்பம். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "நான் யாருக்கு என்ன கெடுதல் பண்ணேன் சார்?" என்று கேட்டார்.

அது என்னிடம் கேட்ட கேள்வி அல்ல. துக்கம் தாளாமல் வாயில் வந்தது. நான் பேசாமல் நின்றிருக்கலாம். அல்லது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "எல்லாம் கர்மாம்மா. ஏதோ முன்ஜென்மக் கணக்கு. நம்ம கையில என்ன இருக்கு" என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார். ஆறுதல் சொன்னதாக நினைத்துக்கொண்டு படியிறங்கினேன். சட்டைப் பையில் அந்த டேப் இல்லை. முந்தின இரவே கூவத்தில் எறிந்துவிட்டேன்.

புதன்கிழமை மெஷின்களுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துப் பூசணிக்காய் உடைத்தோம். அந்தப் பிரஸ்ஸுக்குத் தனியாகத் திருஷ்டி சுற்றிப் போட்டோம். யாருடைய கண் பட்டதோ என்று நானும் மற்றவர்களோடு சேர்ந்து சொன்னேன்.

எனக்கு ஈ.எஸ்.ஐ. தெரியும், இழப்பீட்டு அட்டவணை தெரியும். ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14 சதவீதம், நடுவிரல் முழுதும் போனால் 12 சதவீதம் என்று சம்பாதிக்கும் திறனின் இழப்பைச் சட்டம் கணக்கிட்டு வைத்திருக்கிறது. ஈட்டுத்தொகைக்கான காகிதங்களையெல்லாம் ஓடியாடி வாங்கிக் கொடுத்தேன். நல்ல மனிதர் என்று பெயர் வாங்கினேன். அந்தப் பெயரையும் மறுக்கவில்லை.

பிறகு வேறு கம்பெனிக்கு மாறினேன். சம்பளம் கூடியது, மனை வாங்கினேன். அதையெல்லாம் என் உழைப்பு என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். எனக்கு வந்த நல்லது உழைப்பு, அவனுக்கு வந்த கெட்டது கர்மா. இந்த இரட்டைக் கணக்கு என் கண்ணில் பட நீண்ட காலம் ஆனது.

பட்ட இடம் கோயில் அல்ல, ஒரு பயிற்சி வகுப்பு. புதிய கம்பெனியில் பாதுகாப்புப் பயிற்சி நடந்தது. உங்களுக்குத் தெரிந்த ஒரு விபத்தை எடுத்துக்கொண்டு 'ஃபைவ் வொய்' போடுங்கள் என்றார் பயிற்சியாளர். ஏன் என்று ஐந்து தடவை கேட்டுக் காரணத்தின் வேர் வரைக்கும் போகும் முறை அது. ஜப்பானின் டொயோட்டா ஆலையில் உருவாகி, இன்று அம்பத்தூர், திருமழிசைப் பட்டறைகள் வரைக்கும் வந்துவிட்டது. நான் எழுதினேன். விரல் ஏன் போனது? கை டைக்குள் இருந்தது. ஏன் இருந்தது? ஒரு கையால் ஓட்டினான். ஏன்? இன்னொரு பட்டனில் டேப். ஏன் டேப்? நான் சுற்றினேன். ஏன் சுற்றினேன்? புதன்கிழமைக்குள் லோடு அனுப்பி நல்ல பெயர் வாங்க. ஐந்தாவது கேள்வியில் காகிதம் முடிந்தது. முன்ஜென்மத்துக்கு அதில் இடமே தேவைப்படவில்லை. அந்தக் காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டு, வேறொரு விபத்தை எழுதிக் கொடுத்தேன். அன்றைக்கும் கோழையாகத்தான் இருந்தேன்.

ஆனால் அதற்குப் பிறகு 'கர்மா' என்று சொல்ல நாக்கு கூசியது. அந்தச் சொல்லை உண்மையில் நம் பெரியவர்கள் எதற்கு வைத்தார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

கர்மம் என்றால் செயல். தமிழில் வினை. இலக்கணத்தில் வினைச்சொல் என்கிறோமே, அதே வினை. நான் அதை 'நேர்ந்தது' என்ற பொருளில் புழங்கிக்கொண்டிருந்தேன். அது 'செய்தது'. எவன் செய்தான் என்ற கேள்வி அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. சைவ சித்தாந்தம் வினையை மூன்றாகப் பிரிக்கிறது. சேர்ந்து கிடப்பது சஞ்சிதம், இப்போது அனுபவிப்பது பிராரத்தம், இப்போது செய்வதால் இனி ஏறப்போவது ஆகாமியம். பிராரத்தம் என்ற சொல்லை அந்தப் பையன் மேல் போட்டேன். டேப் சுற்றிய நேரத்தில் எனக்கு ஏறிய ஆகாமியத்தைப் பற்றி யோசிக்கவே இல்லை.

கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் எந்தச் செயலுக்கும் ஐந்து காரணங்களைச் சொல்கிறது. செயலுக்கு இருப்பிடமான உடல், செய்பவன், கருவிகள், பலவகை முயற்சிகள். தெய்வம் ஐந்தாவதாகத்தான் வருகிறது. முதல் நான்கையும் தாண்டிவிட்டு நேராக ஐந்தாவதைப் பிடித்துக்கொண்டவன் நான். பௌத்த நூல்களில் புத்தர் இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறார். ஒருவன் படும் வேதனைக்குப் பித்தம், கபம், வாதம், பருவ மாற்றம், கவனமின்மை, பிறர் செய்த தாக்குதல் என்றெல்லாம் காரணங்களை அடுக்கி, பழவினையை அவற்றில் ஒன்றாகத்தான் வைக்கிறார். எல்லாமே பழவினை என்பவர்களை அவர் மறுத்தார். எதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும் நியதிப்படியே நடக்கும் என்று வாதிட்டவர்களும் இந்த நாட்டில் இருந்தார்கள். அவர்கள் ஆசீவகர்கள். மணிமேகலையின் 27-ஆம் காதையில் அவர்களில் ஒருவர் வந்து பேசுகிறார். வார்டு வராண்டாவில் நான் சொன்னது கிட்டத்தட்ட அவர்களின் வாதம். வித்தியாசம் ஒன்று உண்டு. அவர்கள் அதை நம்பிக் கடுந்தவம் இருந்தார்கள். நான் அதைச் சொல்லித் தப்பித்தேன்.

வள்ளுவரிடமும் போனேன். 38-ஆம் அதிகாரம் ஊழ். அதன் வலிமையை அவர் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் 62-ஆம் அதிகாரம் ஆள்வினையுடைமை. அங்கே விதியையே புறங்காட்ட வைக்கும் முயற்சியைப் பேசுகிறார். இரண்டும் முரண் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு இப்போது அப்படித் தோன்றவில்லை. ஊழ் என்பது தனக்கு நேர்ந்ததைத் தாங்கிக்கொள்ள ஒருவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் சொல். அடுத்தவன் துயரத்தின் மேல் நாம் ஒட்டும் சீட்டு அல்ல. அந்தப் பையன் "என் தலையெழுத்து" என்று சொல்லலாம், அது அவன் மனத்தைத் தேற்றும் வழி. டேப் சுற்றியவன் அதே சொல்லைச் சொன்னால் அது களவு.

இதில் இன்னொரு பிழையையும் செய்து பார்த்தேன். திருவேற்காட்டில் அன்னதானத்துக்குப் பணம் கட்டினேன். ஒரு பக்கம் பாவம், ஒரு பக்கம் புண்ணியம், கழித்துக்கொள்ளலாம் என்ற எண்ணம். சாப்பிட்டவர்கள் வாழ்த்தியிருப்பார்கள். ஆனால் நான் கடன்பட்டிருந்தது அவர்களிடம் அல்ல.

2023-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விசாரித்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அதே சென்னீர்குப்பம், வேறு தெரு. அவன் இப்போது ஒரு குடோனில் ஸ்டாக் எழுதுகிறான். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. தெருமுனை வரை நடந்து, அங்கே நின்று சொன்னேன். டேப் சுற்றியது, அறுத்தது, அறிக்கையில் எழுதியது எல்லாம்.

"தெரியும் சார்" என்றான். "நீங்க சுத்துனப்ப நான் பக்கத்துலதானே நின்னேன். ஆஸ்பத்திரியில கேக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீங்க அம்மாகிட்ட அப்படிச் சொல்லிட்டீங்க."

பிறகு அவன் சொன்னதுதான் எனக்குத் தெரியாதது. நான் சொல்லிவிட்டுப் போன 'முன்ஜென்மக் கணக்கை' அவன் அம்மா தன் கணக்காக எடுத்துக்கொண்டிருந்தார். தான் செய்த ஏதோ ஒரு பாவம்தான் மகன் கையில் விழுந்தது என்று முடிவு கட்டிவிட்டார். ஜோசியரைப் பார்த்திருக்கிறார், காளஹஸ்திக்குப் போய்ப் பரிகாரம் செய்திருக்கிறார், அதற்கு வட்டிக்கு வாங்கியிருக்கிறார். பன்னிரண்டு வருடமாகச் செவ்வாய்க்கிழமை சாப்பிடுவதில்லை. பேத்தியைத் தூக்கவே முதலில் பயந்தாராம், தன் தோஷம் குழந்தைக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று.

டேப் இரண்டு விரலை எடுத்தது. நான் சொன்ன சொல் அந்த அம்மாவின் பன்னிரண்டு வருடத்தை எடுத்தது. முதலாவதற்கு அட்டவணையில் சதவீதம் இருக்கிறது.

"என்கிட்ட சொன்னது போதாது சார். அம்மாகிட்ட சொல்லுங்க" என்றான்.

உள்ளே போனேன். அவருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. அன்று போலவே எழுந்து நின்றார். உட்காரச் சொல்லிவிட்டு நானும் தரையில் உட்கார்ந்து, ஒன்றையும் விடாமல் சொன்னேன். கர்மா என்று நான் சொன்னது பொய் என்றும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். முடித்த பிறகும் நெடுநேரம் பேசவில்லை. பிறகு மகனைப் பார்க்காமல் என்னையே பார்த்துக் கேட்டார்:

"அப்போ நான் ஒண்ணும் பண்ணலையா சார்?"

"இல்லம்மா. நீங்க ஒண்ணும் பண்ணல. நான்தான் பண்ணேன்."

அவர் மன்னித்ததாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, அதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை. எழுந்து உள்ளே போனார். தொட்டிலில் குழந்தை சிணுங்கிக்கொண்டிருந்தது. அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி, தட்டிக்கொடுத்தபடி நின்றார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.