விழித்திருந்தும் காணாத கண்கள்

பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது என்பது நம் முன்னோர் வாக்கு. உறக்கம் வந்துவிட்டால் பாயும் வேண்டா, தலையணையும் வேண்டா, கட்டாந்தரையே பஞ்சணையாகிவிடும். இத்தகைய உறக்கத்தை வென்றுவிடலாம் என்று நாங்கள் மூவர் ஒரு கோடைகாலத்தில் நம்பினோம். அந்த நம்பிக்கையின் கதையைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆயினும், அதே நம்பிக்கையோடு இன்று பணிக்குச் செல்லும் இளையோர் பலரைக் காணும்போது, சொல்லாமலிருக்கவும் மனம் ஒப்பவில்லை.

நாங்கள் தென்மாவட்ட நகரொன்றில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துவோர். எங்கள் ஊதியம் பக்கக் கணக்கு. 2018ஆம் ஆண்டு தமிழகத்தில் 1, 6, 9, 11ஆம் வகுப்புகளுக்குப் புதிய பாடத்திட்டம் வந்தது. பழைய துணைநூல்கள் ஒரே நாளில் பயனற்றுப் போயின. புதியவை உடனே வேண்டும் என்று பதிப்பாளர்கள் நெருக்கினார்கள். பகலில் வந்த பக்கங்கள் பகலில் முடியவில்லை. இரவு பத்து பன்னிரண்டாயிற்று, பன்னிரண்டு இரண்டாயிற்று.

முதலில் காப்பிதான் எங்களுக்குத் துணை. காப்பியை நாங்கள் இன்றும் பழிக்கவில்லை. பதினைந்தாம் நூற்றாண்டில் ஏமன் நாட்டுச் சூஃபித் துறவியர் இரவு வழிபாட்டில் கண் அயராதிருக்க அதைப் பருகினர் என்பது வரலாறு. 1819ஆம் ஆண்டு செருமானிய வேதியியலாளர் ருங்க என்பவர் காப்பிக் கொட்டையிலிருந்து காஃபீன் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார். அது செயற்படும் விதம் வியப்பானது. மூளை உழைக்க உழைக்க அதில் அடினோசின் என்னும் பொருள் சேர்கிறது. அதற்கென்று அமைந்த ஏற்பிகளில் அது சென்று அமரும்போது, களைத்துவிட்டோம் என்பதை உடல் உணர்கிறது. காஃபீனோ உருவில் அதை ஒத்திருப்பதால், அந்த இருக்கைகளில் தான் முந்திச் சென்று அமர்ந்துகொள்கிறது. கடன்காரர் வாசலில் நிற்க, உள்ளே வரவிடாமல் ஒருவர் திண்ணையை அடைத்துக்கொண்டு அமர்ந்திருப்பதைப் போன்றதே இது. கடன் அடைபடவில்லை, கடன்காரர் குரல் மட்டும் வீட்டுக்குள் கேட்கவில்லை. மேலும், அருந்திய காஃபீனில் பாதி உடலை விட்டு நீங்க ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஆறு மணிக் காப்பியில் பாதி இரவு பதினொரு மணிக்கும் நம்மோடு இருக்கிறது. நாங்கள் பதினொரு மணிக்கு மற்றொன்று அருந்தினோம்.

காப்பி போதாதென்று தோன்றியபோது வல்லாரை வந்தது. தேர்வுக் காலத்தில் அன்னையர் அரைத்துத் தந்த வல்லாரைத் துவையலை உண்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஆகவே குப்பியில் அடைத்த வல்லாரை மாத்திரையை ஐயமின்றி விழுங்கினோம். அமுக்கராப் பொடியைப் பாலில் கலந்து குடித்தோம். அவற்றால் எங்களுக்குப் பெரிய தீமையும் இல்லை, பெரிய நன்மையும் இல்லை.

அதன்பின் எங்களுள் இளையவர் ஒருநாள் சிறு அட்டை ஒன்றைக் கொண்டுவந்தார். அதிலிருந்தது மோடாஃபினில் என்னும் மாத்திரை. பகலிலும் அடக்க முடியாத உறக்கத்தால் துன்புறும் நோயாளருக்கென அமைந்த மருந்து அது. சென்னையில் இரவுப் பணி பார்க்கும் அவருடைய மைத்துனர் கொடுத்தனுப்பியிருந்தார். மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாத அம்மாத்திரை அவருக்கு எவ்வாறு கிடைத்தது என்று நாங்கள் கேட்கவில்லை. கேளாதிருந்ததே எங்கள் முதற்பிழை.

மாத்திரை சொன்னதைச் செய்தது. கண்ணிமை கனக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தின் ஓசையும் தெருவில் செல்லும் வண்டியின் ஓசையும் எங்களைத் தீண்டவில்லை. தாளும் சிவப்பு மையும் மட்டுமே உலகமாயின. நாளொன்றுக்கு நாற்பது பக்கம் பார்த்தவர்கள் எழுபது பக்கம் பார்த்தோம். முதலாளி மகிழ்ந்தார், மேலும் இரண்டு நூல்களை ஒப்புக்கொண்டார். பசி குறைந்ததையும், தலைவலி வந்ததையும், விடியற்காலையில் படுத்தும் உறக்கம் வாராமல் கூரையை நோக்கிக் கிடந்ததையும் நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள், அறுபது கிலோமீட்டர் தொலைவிலிருந்து வேதியியல் ஆசிரியை ஒருவர் பேருந்தேறி வந்தார். கையில் நாங்கள் மெய்ப்புத் திருத்திய செய்முறை நூல் இருந்தது. ஒரு பக்கத்தைப் பிரித்து எங்கள் மேசைமீது வைத்தார். அடர் கந்தக அமிலத்தை நீர்க்கச் செய்யும் முறை அங்கே அச்சாகியிருந்தது: 'அமிலத்தில் நீரைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும்.'

படித்தவுடன் எங்களுக்கு வியர்த்துவிட்டது. நீரில்தான் அமிலத்தைச் சேர்க்க வேண்டும். மாற்றிச் செய்தால், எழும் பெருவெப்பத்தில் நீர் கொதித்து அமிலத்தை முகத்தின்மீது வாரி இறைக்கும்.

"ஐயா, என் பிள்ளைகள் புத்தகத்தில் இருப்பதை அப்படியே செய்கிறவர்கள்," என்றார் அவர். அதற்குமேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அவர் சென்றபின் பழைய மெய்ப்புத் தாளைத் தேடி எடுத்தோம். நூலாசிரியரின் கையெழுத்துப் படியில் வாக்கியம் சரியாகவே இருந்தது. எழுத்துக் கோத்தவர் இரு சொற்களை இடம் மாற்றிவிட்டார். அந்த வரியை நாங்கள் பார்க்காமல் விட்டிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். பார்த்திருக்கிறோம்! 'நீரை' என்பதன் பின் ஒரு 'ச்', 'சிறிதாக' என்பதன் பின் மற்றொரு 'ச்' எனச் சிவப்பு மையில் இரண்டு ஒற்றுகளை அழகாகச் சேர்த்திருக்கிறோம். பிள்ளைகளின் கண்ணைப் பறிக்கக்கூடிய வாக்கியத்தின் இலக்கணத்தைச் செம்மை செய்து அனுப்பியிருக்கிறோம். நல்லவேளையாக எவருக்கும் தீங்கு நேரவில்லை. எஞ்சிய படிகளில் திருத்தத் தாளை எங்கள் கையாலேயே ஒட்டினோம்; விற்றுப்போனவற்றைத் தேடிக் கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் அலைந்தோம்.

எங்களுக்கு அன்று குறைவாக இருந்தது விழிப்பன்று. விழிப்பு வேண்டுமளவுக்குமேல் இருந்தது. எதைக் காண வேண்டும் என்று தெரிந்து காணும் நிதானம்தான் இல்லை. எங்கள் பட்டறிவை ஒத்த செய்தியொன்றைப் பின்னாளில் படித்தோம். 2023ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வொன்றில், நலமாக இருந்த நாற்பது பேருக்கு மோடாஃபினில், மெத்தில்ஃபெனிடேட், டெக்ஸ்ஆம்ஃபெட்டமின் ஆகியவற்றை வெவ்வேறு நாள்களில் கொடுத்து, ஒரு பையில் எப்பொருள்களை நிரப்பினால் மதிப்பு மிகும் என்பது போன்ற கணக்குகளைத் தந்தார்கள். மருந்துண்டபோது அவர்கள் மிகுதியாக முயன்றார்கள். முயற்சியின் தரமோ தாழ்ந்தது.

மருந்து யாருக்கும் ஆகாது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. உறக்க நோயுற்றோருக்கும் கவனக்குறைபாடு உடையோருக்கும் மருத்துவர் ஆராய்ந்து தரும் மருந்து, எங்கள் மூக்குக் கண்ணாடியைப் போன்றது. குறையில்லாத கண்ணுக்கு அதே கண்ணாடி பார்வையைக் கெடுக்கும்.

ஒன்று மட்டும் எங்களை இன்னும் உறுத்துகிறது. 1940ஆம் ஆண்டு செருமானியப் படை, பிரான்சின்மீது பாய்ந்த காலத்தில், கோடிக்கணக்கான ஊக்க மாத்திரைகளைத் தன் வீரர்க்கு வழங்கியது. உறக்கமின்றி அவர்களை முன்னேறச் செய்வதே நோக்கம். அந்த வீரர்க்கு மேலதிகாரி கொடுத்தார். எங்களுக்கோ எவரும் கட்டளையிடவில்லை. நாங்களே வாங்கி விழுங்கினோம். 'இவ்வளவு பக்கம் எங்களால் இயலாது' என்று முதலாளியிடம் சொல்ல அஞ்சிய நாங்கள், அதே சொல்லை எங்களிடம் சொன்ன உடலின் வாயைப் பொத்தினோம்.

இப்போது நாங்கள் பழைய முறைக்குத் திரும்பிவிட்டோம். ஒருவர் மூலப்படியை உரக்கப் படிக்க, மற்றவர் மெய்ப்பைப் பார்க்கிறார். ஒரே வரியில் கண் இருமுறை தடுமாறினால் தாளை மூடிவிடுகிறோம். நாற்பது பக்கத்துக்கு மேல் இல்லை என்று முதலாளியிடம் கூறியபோது அவர் முகம் சுளித்தார். ஒட்டிய திருத்தத் தாள்களின் செலவை எண்ணிப் பார்த்து அடங்கினார். எங்கள் வருவாய் குறைந்தது உண்மை. காலையில் ஒன்று, மாலை நான்கு மணிக்கு ஒன்று என்று காப்பி மட்டும் தொடர்கிறது.

அந்தத் திருத்தத் தாளில் ஒன்று எங்கள் மேசைக் கண்ணாடியின் கீழ் இருக்கிறது. அன்பர்களே, உங்கள் பணியிடத்திலும் இமை கனக்கும் வேளை வரும். அப்போது எதை விழுங்கலாம் என்று தேடுமுன், உங்கள் களைப்பு என்ன சொல்கிறது என்று சற்றே காது கொடுங்கள். உங்களால் சொல்ல இயலாத 'போதும்' என்னும் சொல்லை அது உங்களுக்காகச் சொல்லிக்கொண்டிருக்கக்கூடும்.