ஏழு கம்பி ஜன்னல்

மரத்தை அறுக்க வாளும், குடைய உளியும், மழமழப்பாக்க அரத்தாளும் வேண்டும் என்றுதான் ஆசிரியர் கலாசாலையில் கைப்பணிப் பாடத்தின்போது எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். இன்று பட்டணத்துப் பெயர்ப்பலகைக் கடைகளில் ஒளியே வாளாகியிருக்கிறது. கல்யாணப் பரிசுக்குப் பெயர் வெட்டுவதும் கடைவாசலுக்கு எழுத்து வெட்டுவதும்தான் அவர்களுடைய அன்றாட வேலை. தீப்பெட்டியளவு கதவையும், தீக்குச்சியளவு நிலையையும் வெட்டித் தரச் சொல்லிப் போகிறவர்கள் குறைவு. அந்தக் குறைவானவர்களில் நானும் ஒருவன்.

1960இல் தியோடர் மைமன் முதலாவது லேசரை இயக்கிக் காட்டினார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1964இல், மகாராஷ்டிரத்தின் பாரமதியில் பிறந்த குமார் பட்டேல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் காபனீரொட்சைட்டு லேசரை உருவாக்கினார். பலகை வெட்டும் இயந்திரங்களில் பெரும்பாலும் இருப்பது அவர் தந்த வகைதான். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கதிர் ஒரு வில்லையினூடாகக் குவிந்து, பட்ட இடத்து மரத்தை எரித்து ஆவியாக்கிக்கொண்டே நகரும். வாளுக்குப் பல் உண்டு, இதற்கு இல்லை. ஆனால் இதுவும் மரத்தைத் தின்னும். அதைப் பிறகு சொல்கிறேன்.

எனக்கு இது தேவைப்பட்டது சாச்சியின் வீட்டுக்காக.

எங்கள் கரையோரத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம் முடிப்பார்கள். மூத்தாப்பா கடலுக்குக் கிட்ட ஒரு வளவு வாங்கி, ஓட்டு வீடு கட்டி சாச்சிக்குக் கொடுத்திருந்தார். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஞாயிறு காலை அந்த வீடு போனது. சாச்சியின் கடைசி மகனும் போனான். இந்த நாட்டில் ஆக அதிகமான உயிர்களைப் பறிகொடுத்தது எங்கள் அம்பாறை மாவட்டம்தான். வீட்டோடு அல்பமும் போனதால் காட்டுவதற்கு ஒரு போட்டோகூட இல்லை. 2005இல் வடக்கு, கிழக்குக் கரையில் 200 மீற்றருக்குள் கட்டக் கூடாதென்று அறிவித்தார்கள். சாச்சி உள்ளே தள்ளி ஒரு வீட்டுத்திட்டத்துக்குப் போனா. பழைய வீடு எப்படி இருந்தது என்று பேரப்பிள்ளைகள் கேட்டால் கையை விரித்துக் காட்டுவா. அவர்களுக்கு அந்தக் கைதான் தெரியும், வீடு தெரியாது.

பத்தாம் தரப் பிள்ளைகளுக்கு அளவிடைப் படம் படிப்பிக்கும் காலத்தில் இந்த வேலையைத் தொடங்கினேன். 24இல் ஒன்று என்பது வசதியான அளவிடை. நிசத்தில் ஓரடி என்பது மாதிரியில் அரை அங்குலம். 24 அடி நீள வீடு ஓரடிக்குள் அடங்கிவிடும்.

கணினிக்கு இலக்கம் வேண்டும். சாச்சியிடம் இலக்கம் இல்லை.

"வாசல் கதவு எவ்வளவு உயரம் சாச்சி?"

"உன்ட மூத்தாப்பா குனிஞ்சுதான் வருவார். தொப்பி விழுந்திரும் எண்டு கைய வெச்சிக்கிட்டு வருவார்."

மூத்தாப்பா ஐந்தடி எட்டங்குலம் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. தொப்பி தட்டும் என்றால் கதவு ஐந்தரை அடி. அதாவது 1676 மில்லிமீற்றர். 24ஆல் வகுத்தால் ஏறத்தாழ 70. அறை என்பது மூன்று பாய் விரித்து மிச்சம் நடக்குமளவு. விறாந்தை என்பது ஒரு சாய்மனைக் கதிரையும் ஒரு சைக்கிளும். இப்படியே பாயையும் சைக்கிளையும் அளந்து வீட்டின் படத்தைக் கீறி முடித்தோம்.

கடையில் இயந்திரம் பார்க்கும் தம்பி நல்ல விசயகாரன். மூன்று மில்லிமீற்றர் என்று விற்கும் ஒட்டுப்பலகையை நம்பாமல் வேணியர் இடுக்கிமானியால் அளக்கச் சொன்னான். 2.7தான் இருந்தது. கதிர் போகும் வழியில் ஏறத்தாழ 0.2 மில்லிமீற்றர் மரம் ஆவியாகிவிடும். லேசரின் தீனி அதுதான். ஆகவே 2.7 தடிப்புள்ள சுவர் இறுக்கமாக நுழைய வேண்டிய துளையை 2.5 ஆகத்தான் கீற வேண்டும். முதலில் ஒரு கைப்பிடியளவு துண்டில் வெட்டிப் பொருத்திப் பார்த்தோம். புகைக்கறை படாமலிருக்கப் பலகையின் மேல் கடதாசி நாடாவை ஒட்டினான். சின்னத் துண்டுகள் தேன்கூடு போன்ற அடித்தட்டுக்குள் விழுந்து தொலையாமலிருக்க ஒவ்வொன்றிலும் ஒரு நூலளவு வெட்டாமல் விட்டான். காசு இயந்திரம் ஓடும் நிமிடத்துக்கு. பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளுக்கு ஒரே கோட்டைப் பொதுவாக்கினால் காசு மிச்சம். என் மாணவன் ஒருவன் கூரைக்கு பீவீசீ தகடு கொண்டுவந்தான். அதை அவன் தொடவேயில்லை. சூடேறினால் ஐதரசன் குளோரைட்டு வரும், நெஞ்சுக்கும் கூடாது, இயந்திரத்துக்கும் கூடாது என்றான். ஒட்டுப்பலகையிலேயே ஓட்டு வரிசையைக் கோடாகச் சுட்டுத் தந்தான்.

சிக்கல் ஜன்னலில் வந்தது. அரை அங்குல இரும்புக் கம்பி இந்த அளவிடையில் அரை மில்லிமீற்றர். ஒட்டுப்பலகையில் அவ்வளவு மெல்லிசாக வெட்டினால் கருகி ஒடிந்துவிடும். ஒன்றரை மில்லிமீற்றராவது வேண்டும், அதுவும் மேற்பரப்பின் நார் ஓடும் திசையில். "அஞ்சு கம்பி வைப்பம் சேர், வடிவாயிருக்கும்" என்றான் தம்பி. சாச்சியிடம் கேட்டேன்.

"ஏழு கம்பி" என்றா. கொஞ்சம் பொறுத்து, "மூணாவது கம்பி வளைஞ்சிருக்கும்" என்றா.

சின்னவனுடைய வேலை அது. பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் நுழையப் பார்த்து உலக்கையால் நெம்பியிருக்கிறான். வாப்பாவிடம் அடியும் வாங்கியிருக்கிறான். சாச்சா அந்தக் கம்பியை நிமிர்த்தாமலே விட்டிருந்தார்.

சிறிதாக்கும்போது எல்லா உண்மையையும் கொண்டுபோக முடியாது. எதை விடுவது, எதை வைத்திருப்பது என்று யாராவது தீர்மானிக்க வேண்டும். தடிப்பை விட்டேன். ஏழை வைத்துக்கொண்டேன். முக்கால் அங்குல வளைவு 0.8 மில்லிமீற்றர். அதையும் கீறினேன்.

கடையில் படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்த தம்பி, "சேர், இந்தக் கோடு நெளிஞ்சி கெடக்கு. நேராக்கிவிடட்டா?" என்று கேட்டான். அவன் கேட்டதில் பிழையில்லை. நேராக வெட்டுவதற்குத்தானே அந்த இயந்திரம். ஏன் வேண்டாம் என்று சொன்னேன். பிறகு அவன் ஒன்றும் பேசவில்லை. அந்தத் துண்டை இரண்டு பிரதி வெட்டினான். இரண்டாவதுக்குக் காசு எடுக்கவில்லை.

ஒட்டி முடித்த வீட்டைச் சாச்சி மடியில் வைத்துக்கொண்டா. கருகிய விளிம்பு விரலில் பட்டுக் கறுத்தது. வாசல், விறாந்தை, குசினி என்று விரல் போனது. ஜன்னலில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி நின்றது. பேரப்பிள்ளை ஒன்று, "இந்தக் கம்பி மட்டும் ஏன் மூத்தம்மா இப்பிடி?" என்று கேட்டது. அவனைப் பற்றி அந்தப் பிள்ளைகளுக்கு அன்றைக்குத்தான் சாச்சி முழுசாகச் சொன்னா. இருபது வருசமாகச் சொல்ல வாய் வராதிருந்த கதை.

கத்தாரில் இருக்கும் சாச்சியின் மூத்த மகன் தனக்கும் அப்படியொன்று வேண்டுமென்றான். பலகையை அனுப்பத் தேவையில்லை, படத்தை அனுப்பினால் போதும், அங்கேயும் இந்த இயந்திரம் இருக்கிறது. அனுப்பும்போது கூடவே எழுதினேன்: பலகையின் தடிப்பை அளந்து துளையைத் திருத்தச் சொல். மூன்றாவது கம்பியை மட்டும் யாரும் நேராக்க விடாதே.