தானே ஓடும் பயணப் பெட்டி

பயணத்தைச் 'சபர்' என்றும், பொருள் தேடிக் கடல் கடந்தவரைச் 'சபராளி' என்றும் வழங்குவது தமிழ் முஸ்லிம்களின் நெடுநாள் வழக்கு. சபராளி ஊர் திரும்பும் நாளில் அவருக்கு முன்பாக அவருடைய பெட்டிக்கே வரவேற்பு நிகழும் என்பதை நம் சிவகிரி வட்டாரத்துப் பிள்ளைகள் நன்கறிவர். தகரப் பெட்டி போய்த் தோல் பெட்டி வந்தது. அதுவும் போய் உருளைப் பெட்டி வந்தது. இன்று, ஏறி அமர்ந்தால் தானே ஓடும் மின்பெட்டி வந்து நிற்கிறது.

மனிதன் சக்கரம் கண்டு ஐயாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஆயினும், இன்று நாம் இழுத்துச் செல்லும் பெட்டிக்கு வழிவகுத்த எண்ணம் அமெரிக்கரான பெர்னார்டு சாடோ என்பாருக்கு 1970இல்தான் தோன்றியது. மனிதன் நிலவில் கால் பதித்ததோ அதற்கு முந்தைய ஆண்டு! சாடோ 1972இல் காப்புரிமை பெற்றார். எனினும் கடைக்காரர்கள் எளிதில் ஏற்கவில்லை. பெட்டியை உருட்டிச் செல்வது ஆடவர்க்கு அழகன்று என்ற எண்ணம் அன்று அங்கே நிலவியது. 1987இல் விமானி ராபர்ட் பிளாத் நீள்பிடியுடன் கூடிய நிமிர்ந்த பெட்டியை அமைத்த பின்னரே உலகம் அதனை முழுமையாக ஏற்றுக்கொண்டது.

சுமப்பதில் என்ன வீறாப்போ, நமக்கு விளங்கவில்லை. நம் முன்னோர் பிறர் சுமையை இறக்கிவைக்க உதவுவதை அறமென்று கொண்டவர்கள். கருவுற்ற நிலையில் உயிர்நீத்த பெண்ணின் நினைவாகச் சாலையோரத்தில் சுமைதாங்கிக் கல் நாட்டும் வழக்கம் தமிழகத்தில் இருந்தது. தலைச்சுமையுடன் வருபவர் பிறர் துணையின்றித் தாமே இறக்கிவைத்து இளைப்பாறி, மீண்டும் தூக்கிக்கொள்ள ஏற்ற உயரத்தில் அக்கல் நிற்கும். சும்மாடு மறைந்தது, கல்லும் பல இடங்களில் பெயர்க்கப்பட்டுவிட்டது.

நம் தமக்கையின் மகன் சென்ற விடுப்பில் துபாயிலிருந்து அத்தகைய மின்பெட்டி ஒன்றைக் கொணர்ந்தார். உம்ரா செல்ல ஆசை கொண்டும் முழங்கால் வலியால் தயங்கி நிற்கும் நம் உம்மாவுக்காகவே அதை வாங்கியிருந்தார். இவ்வகைப் பெட்டிகள் மணிக்குச் சுமார் 13 கிலோமீட்டர் வேகம் வரை செல்வன. தெருப் பிள்ளைகள் ஒரு மாலைப் பொழுது முழுவதும் அதை ஓட்டி மகிழ்ந்தனர். உம்மா திண்ணையிலிருந்தபடியே பார்த்துவிட்டு, "இது படி ஏறுமா வாப்பா?" என்று பேரனைக் கேட்டார்கள். அவ்வளவுதான், பெட்டியின் தகுதி முழுவதும் அக்கேள்வியில் அளக்கப்பட்டுவிட்டது.

விமானத்தின் நிலையைக் காண்போம். நம் நாட்டு விமானங்களின் சாதாரண வகுப்பில் கைப்பெட்டிக்கு உரிய எடை பொதுவாக 7 கிலோ. இம்மின்பெட்டியோ வெறுமையாகவே 8, 9 கிலோ இருக்கும். எனவே சரக்கறைக்கே அனுப்ப வேண்டும். அனுப்புமுன் லித்தியம் மின்கலத்தைக் கழற்றிக் கையில் எடுத்துச் செல்ல வேண்டும். சரக்கறையில் மின்கலம் தீப்பற்றினால் பணியாளர் சென்று அணைக்க இயலாது என்பதே காரணம். மின்கலத்தைக் கழற்ற முடியாத பெட்டிகளை 2018 ஜனவரி 15 முதல் அமெரிக்க விமான நிறுவனங்கள் சில மறுத்தன. அவ்வாண்டிலேயே புளூஸ்மார்ட் என்னும் அறிவுப்பெட்டி நிறுவனம் மூடப்பட்டது. பொதுவாக 100 வாட்-மணி வரையிலான மின்கலத்திற்குத் தடையில்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் இசைவு வேண்டும். வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கினால் அந்த அளவு கிடைக்கும். ஓட்டுவதற்கும் எல்லா இடத்திலும் உரிமையில்லை. ஜப்பானில் இது மோட்டார் வாகனமாகவே கருதப்படுகிறது. 2024இல் ஒசாகா நகர நடைபாதையில் உரிமமின்றி ஓட்டிய பெண்ணொருவர் மீது காவல்துறை நடவடிக்கை எடுத்தது.

ரயிலில் வேறு தொல்லை. சிவகிரிக்கு ரயில் நிலையம் இல்லை. இராஜபாளையமோ சங்கரன்கோவிலோ சென்றே பொதிகை விரைவு வண்டியைப் பிடிக்க வேண்டும். படுக்கை வகுப்பில் 40 கிலோ வரை கட்டணமின்றிக் கொண்டு செல்லலாம், எடையால் இடரில்லை. வண்டி நிற்பதோ ஓரிரு நிமிடம். அதற்குள் மின்பெட்டியை ரயில்பெட்டிக்குள் (தமிழில் இரண்டும் பெட்டியே!) தூக்கித்தான் ஏற்ற வேண்டும். தூக்கிக் கொடுத்த தொழிலாளரை 2016ஆம் ஆண்டு ரயில்வே நிதிநிலை அறிக்கை 'சகாயக்' என்று பெயர் மாற்றிச் சிறப்பித்தது. பெயர் உயர்ந்தது; உருளைப் பெட்டிகளால் அவர்களின் வருவாய் குறைந்தது. சிறு நிலையங்களில் அவர்களைக் காண்பதே அரிது.

உம்மாவுக்கு வேண்டியது வேகமன்று. சாய்தளமும் பிடித்துக்கொள்ள ஒரு கையும். விமானச் சீட்டுப் பதியும்போதே சக்கர நாற்காலி உதவி கேட்கலாம். மக்காவில் தவாபுக்கும் சஃயீக்கும் சக்கர நாற்காலியும் மின்வண்டியும் கிடைக்கின்றன. இவற்றை விளக்கிச் சொன்னபின் உம்மாவின் தயக்கம் நீங்கியது. பேரன் கொணர்ந்த பெட்டியில்தான் துணிமணிகளை அடுக்குகிறார்கள். அதன் மின்கலம், முனைகளில் ஒட்டுநாடா சுற்றப்பட்டு, சிவகிரி வீட்டு அலமாரியில் இருக்கிறது.