பிளவக்கல்லிலிருந்து திரும்பி வந்த மீன்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்திலுள்ள பிளவக்கல் அணைக்குச் செல்வோர் கட்டுச்சோற்று மூட்டையுடன் செல்வது வழக்கம். தை மாதத்து விடுமுறை நாள் ஒன்றில் நாங்களும் புளிச்சோறும் துவையலும் கட்டிக்கொண்டுதான் புறப்பட்டோம். ஆனால் எங்களிடம் இன்னொரு சுமையும் இருந்தது. மூடியில் துளையிட்ட ஒரு வாளி. அதனுள் ஒரு சாண் நீளமுள்ள மீன் ஒன்று. அதை அணையில் விட்டுவிட்டு வருவதே எங்கள் பயணத்தின் உண்மையான நோக்கம்.

அந்த மீனின் வரலாற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு எங்கள் மகளுக்கு இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தோம். மீன்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பையும் அவளிடமே விட்டோம். அழகு ஒன்றே அவளுக்கு அளவுகோலாயிற்று. தங்கமீன் இரண்டு, புலிக்கோடு போட்ட டைகர் பார்ப் மூன்று, நீண்ட துடுப்புடைய ஏஞ்சல் ஒன்று, கப்பிகள் ஆறு, கடைசியாக விரல் நீளமே இருந்த ஆஸ்கார் குஞ்சு ஒன்று. முதல் வாரத்திலேயே டைகர் பார்ப்கள் ஏஞ்சலின் துடுப்புகளைக் கடித்துக் குதறின. தங்கமீன்கள் நோயுற்று மாண்டன. கப்பிகள் ஒவ்வொன்றாகக் காணாமற்போயின; ஆஸ்காரின் வயிறு பெருத்ததைக் கண்டபோதுதான் அவை சென்ற இடம் எங்களுக்கு விளங்கிற்று. காலைதோறும் தொட்டியருகே நின்று எண்ணிப் பார்த்து அழுவாள் குழந்தை. பத்து மாதங்களில் தொட்டியில் எஞ்சியது ஆஸ்கார் மட்டுமே. திரும்பவும் இடமின்றி அது தவித்தது. கொல்லவும் மனம் வரவில்லை. "அணையில் விட்டால் பிழைத்துக்கொள்ளுமே!" என்றாள் என் துணைவி. புண்ணியச் செயலாகவே எங்களுக்குத் தோன்றிற்று.

திருவில்லிபுத்தூரிலிருந்து கிருஷ்ணன்கோவில் சென்று, அங்கிருந்து மேற்கே திரும்பினால் வத்திராயிருப்பு. வழியெங்கும் நெல்வயல்களும் தென்னந்தோப்புகளும். 2025-ஆம் ஆண்டில் திடீரென்று தமிழகமெங்கும் பேசப்பட்ட கூமாபட்டி இந்தப் பக்கத்து ஊர்தான். அதற்கும் மேற்கே மலைகள் அரணாக நிற்க, பெரியாறு அணை, கோவிலாறு அணை என இரண்டு அணைகள் அமைந்துள்ளன. இங்கே பெரியாறு என்பது முல்லைப் பெரியாறன்று; இம்மலையில் பிறக்கும் சிற்றாறு. 1970-களில் எழுந்த இவ்வணைகளின் நீர் அர்ச்சுனா நதி வழியே வைப்பாற்றைச் சேர்கிறது. மேலே தெரியும் காடு, 1988-இல் சாம்பல்நிற அணில்களுக்கான சரணாலயமாகி, 2021 முதல் திருவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியாக விளங்குகிறது.

நாங்கள் சென்றபோது அணையில் நீர் நிறைந்திருந்தது. மலையின் நிழல் நீரில் விழுந்து, காற்று வீசும்போதெல்லாம் கலைந்து கலைந்து கூடிற்று. வாளியைத் தூக்கிக்கொண்டு கரையோரம் இறங்கினேன். அங்கே வலையை உலர்த்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், "வாளியில் என்ன தம்பி?" என்று கேட்டார். சொன்னேன். மூடியைத் திறந்து பார்த்தவர், இரண்டு கைகளாலும் அதை மூடிவிட்டார்.

"வேண்டாம் தம்பி. நீங்கள் தருமம் என்று நினைக்கிறீர்கள். உள்ளே இருக்கும் மீன்களுக்கு இது தருமமில்லை. இப்படி யாரோ கொண்டுவந்து விட்டதுதான் ஜிலேபி. இன்று எந்தக் கண்மாயில் வலை போட்டாலும் அதுதான் வருகிறது. கெண்டையும் அயிரையும் எங்கே?"

அவர் கூறியது முற்றிலும் உண்மை. ஆப்பிரிக்க நாட்டு மீனாகிய திலாப்பியா 1952-ஆம் ஆண்டில் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. மக்களுக்கு மலிவான உணவு கிடைக்கட்டும் என்ற நல்லெண்ணமே காரணம். ஆனால் தாய்மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாயிலேயே வைத்துக் காப்பதாலும், ஆண்டில் பலமுறை இனம் பெருக்குவதாலும், அது நம் நீர்நிலைகளை நிறைத்துக்கொண்டது. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்ப்பதற்கு 2000-ஆம் ஆண்டில் தடை வந்தது. அதற்குள் அதுவும் பரவிவிட்டது. கண்ணாடித் தொட்டியின் பாசியைத் தின்னட்டும் என்று வாங்கப்படும் சக்கர் மீன், வளர்ந்து பெருத்ததும் குளத்தில் விடப்பட்டு, இன்று தென்னாட்டின் பல நீர்நிலைகளில் வலைகளைக் கிழிக்கிறது. அமேசான் ஆற்றில் பிறந்து ஓரடி வரை வளரும் எங்கள் ஆஸ்கார், இந்த அணையில் பிழைத்திருந்தால் சிறுமீன்களைத் தின்றிருக்கும். பிழைக்காவிடினும் தன் நோய்களை விட்டுச் சென்றிருக்கும்.

"அப்படியானால் கட்லாவும் ரோகுவும் வெளியூர் மீன்தானே, தாத்தா? அவற்றை மட்டும் ஏன் விடுகிறார்கள்?" என்று கேட்டாள் மகள். முதியவர் சிரித்தார். "நல்ல கேள்வி பாப்பா. அவை குளத்தில் தானாகக் குஞ்சு பொரிப்பதில்லை. எத்தனை விடுகிறோமோ அத்தனைதான். அதோடு, மூன்றும் ஒரே வீட்டில் மூன்று தளத்தில் குடியிருப்பவை. கட்லா மேல்தளம், ரோகு நடுத்தளம், மிர்கால் தரைத்தளம். ஒன்றன் சோற்றில் மற்றொன்று கை வைக்காது."

கங்கைச் சமவெளியைச் சேர்ந்த இம்மூன்று மீன்களும் ஆற்றுப் புதுவெள்ளத்தில்தான் முட்டையிடும். ஆகவே பண்ணைகளில் ஊசி மூலம் சுரப்பிச் சாறு செலுத்தி இனப்பெருக்கம் செய்விக்கிறார்கள். 1957-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் ஒடிசாவில் ஹீராலால் சௌதுரி இதில் வெற்றி கண்டார். அந்நாளே தேசிய மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. கட்லா மேல்மட்டத்து நுண்ணுயிர்களை உண்ணும். ரோகு நடுநீரில் மேயும். மிர்கால் அடியில் மக்கியவற்றை உண்ணும். இதனையே கூட்டு மீன் வளர்ப்பு என்கிறார்கள்.

கட்டுச்சோற்றைப் பிரித்து முதியவருக்கும் கொடுத்து நாங்கள் உண்டபோது, என் நினைவெல்லாம் வீட்டுத் தொட்டியிலேயே இருந்தது. கண்மாய்க்குப் பொருந்தும் நியதி கண்ணாடித் தொட்டிக்கும் பொருந்துமன்றோ? மீன்களைக் குறைகூறி என்ன பயன்? ஒன்றாக வாழ இயலாதவற்றை ஒரே தொட்டியில் அடைத்தவர்கள் நாங்களல்லவா?

குழந்தைகளுக்குத் தொட்டி வாங்கவிருக்கும் பெற்றோர்க்காக, நாங்கள் பட்டுத் தெளிந்தவற்றை இங்கே தருகிறேன். கடையில் காணும் அளவை நம்பாமல், அந்த மீன் முழுதாக வளர்ந்தால் எவ்வளவு நீளம் என்று கேளுங்கள். ஒன்றன் வாயில் மற்றொன்று நுழையுமானால் இரண்டையும் சேர்க்காதீர்கள். தங்கமீன் குளிர்ந்த நீரை நாடுவது, அதிகம் கழிப்பது, வெப்பநீர் மீன்களுடன் அதற்கு ஒத்துவராது. நீண்ட துடுப்புடைய மீனுக்கருகில் துடுப்பைக் கடிக்கும் மீன் ஆகாது. கூட்டமாக வாழும் இனத்தை ஆறுக்குக் குறையாமல் வாங்குங்கள். குறைந்தால் அஞ்சி ஒடுங்கும், அல்லது பிறவற்றைத் துன்புறுத்தும். டைகர் பார்பை மூன்று மட்டும் வாங்கியது எங்கள் தவறு. உங்கள் வீட்டு நீரையும் எண்ணிப் பாருங்கள். எங்கள் வீட்டு ஆழ்குழாய்க் கிணற்று நீர் கடினமானது. அதில் கப்பி, மோலி, பிளாட்டி ஆகியவை செழிக்கும்; மென்னீரை விரும்பும் நியான் டெட்ரா வாடும்.

எங்கள் இரண்டடித் தொட்டி ஏறத்தாழ ஐம்பது லிட்டர் கொள்ளும். இப்போது மேல்மட்டத்தில் ஆண் கப்பிகள் ஐந்து. பெண்ணைச் சேர்த்தால் குஞ்சுகள் பெருகித் தொட்டி தாங்காது. மேலும் நடுவுமாகத் துள்ளித் திரியும் வரிக்குதிரை டேனியோக்கள் ஆறு. இவை நம் இந்திய நாட்டு மீன்களே. அடியில் மென்மணல் பரப்பி, சந்தையில் உயிருடன் விற்ற அயிரைகள் ஆறு. குழம்புக்குச் செல்லவிருந்தவை எங்கள் வீட்டு விருந்தினராயின! மீன்களை ஒரே நாளில் விடவில்லை. கழிவை முறிக்கும் நுண்ணுயிர்கள் வடிகட்டியில் வளர நான்கு முதல் ஆறு வாரங்கள் வேண்டும். ஆகவே சிறிது சிறிதாகச் சேர்த்தோம். வாரந்தோறும் கால்பங்கு நீரை மாற்றுகிறோம்.

ஆஸ்கார் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். மாலையில் அதே வாளியுடன் வீடு திரும்பினோம். மறுவாரம், நான்கடித் தொட்டியில் பெரிய மீன்களை வளர்க்கும் அன்பர் ஒருவர் அதை மகிழ்வுடன் ஏற்றுக்கொண்டார். வாளியை அவரிடம் கொடுக்கும்போது மகளின் கண்கள் கலங்கின. ஆனால் இப்போதெல்லாம் அவள் காலையில் எழுந்து தொட்டியருகே நின்று எண்ணுகிறாள்: ஐந்து, ஆறு, ஆறு. எண்ணிக்கை குறைவதில்லை.

பிளவக்கல்லுக்கு நீங்களும் ஒருமுறை சென்று வாருங்கள். கட்டுச்சோறு கொண்டு செல்லுங்கள். மலைக்காற்றில் குழந்தைகளை விளையாட விடுங்கள். மீன் வாளி மட்டும் வேண்டாம்.